பார்க்க வருபவர் ஆய்வாளர் அல்ல

“என் வகுப்புல இன்னொரு டீச்சர் வந்து உட்கார்ந்து பார்க்கணும்னா, நான் அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?”

சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் கணக்கு நடத்திவரும் இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பல ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். மணி அடிக்கும் முன்பே வந்து கரும்பலகையைத் துடைத்துவைப்பவர்கள். சொந்தக் காசில் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்குபவர்கள். நல்ல ஆசிரியர்களே இப்படிக் கேட்பதால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

கல்வி அலுவலகத்தின் பக்கம் போனால் வேறு குரல் கேட்கும். மேலிருந்து யாராவது வந்து பார்த்தால்தான் வகுப்பு ஒழுங்காக நடக்கும் என்பார்கள். பார்த்ததைப் பதிய வேண்டும், பதிந்ததற்கு மதிப்பெண் போட வேண்டும் என்பார்கள். ஆசிரியரும் அலுவலரும் இதில் எதிரெதிராக நிற்பதாகவே எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பின் பின்வரிசையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் ஆசிரியரை எடைபோடத்தான் வந்திருக்கிறார் என்று இருவருமே நம்புகிறார்கள். அது வேண்டும் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் மற்றவர். அந்த நம்பிக்கையே தவறு என்பது என் கட்சி. சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருபவர் கற்றுக்கொள்ளப் போகிறார். அவருக்குத்தான் அதில் லாபம் அதிகம்.

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் அளக்கும் முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்பார். பிள்ளை திணறினால் பள்ளிக்கு வரும் பணம் குறையும். அந்த முறை ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, அது விதைத்த நடுக்கம் ஒழியவில்லை. ஆண்டாய்வு நாளன்று எந்தப் பள்ளிக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முதல் நாளே ஒட்டடை அடித்திருக்கும். பாடக்குறிப்பேட்டில் விட்டுப்போன வாரங்கள் நிரம்பியிருக்கும். நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்திருப்பார்கள். ஏற்கெனவே மூன்று முறை நடத்தி முடித்த பாடம் நான்காம் முறையாக, புதிது போல நடக்கும். அலுவலருக்கும் அது தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனா காலத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்கும் நோக்கம் நல்ல நோக்கம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதன் கூடவே வகுப்பறை உற்றுநோக்கலும் செயலிக்குள் போனது. வருகிறவர் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே இருப்பார், நிமிர்ந்து பார்க்க அவருக்கே நேரம் இருக்காது. 2023இல் பி.எட். மாணவர்களை அனுப்பி மதிப்பீடு செய்ய முனைந்தபோது ஆசிரியர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து நாம் எடுத்த முடிவு தவறானது. மதிப்பெண் போடுகிறவர் வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், எவருமே வர வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

உள்ளே வருகிறவர் எதைப் பார்ப்பார் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறோம்? என் குரலையும் கையெழுத்தையும் பார்ப்பார், நான் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்வார் என்றுதானே? நான் போய் உட்கார்ந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு நடத்தும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பாடவேளை போய் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் என் பிள்ளைகள் பின்னக் கழித்தலில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். 5¼ இலிருந்து 2¾ ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 3½ என்று எழுதுவார்கள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, காலுக்கும் முக்காலுக்கும் வித்தியாசம் அரை என்று போட்டுவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன். பத்து முறை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தவறு எங்கே முளைக்கிறது என்று பார்க்கத்தான் நான்காம் வகுப்புக்குப் போனேன்.

அன்று கடன் வாங்கிக் கழித்தல். டீச்சர் அருமையாக நடத்தினார், குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினார். நான் குப்பத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். 52 இலிருந்து 37. அவன் 25 என்று எழுதினான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. மேலே இருப்பது கீழே இருப்பது என்ற பேதமே அவனுக்கு இல்லை. பெரியதிலிருந்து சிறியதை எடுத்துவிடுகிறான். என் பின்னக் கணக்கில் விழுகிற பிள்ளைகள் செய்வதும் இதுவேதான். காதோடு கேட்டேன்: “உன்கிட்ட அம்பத்திரெண்டு ரூபா இருக்கு, முப்பத்தேழு ரூபா குடுத்துட்டே. மிச்சம் எவ்வளவுடா?” கண் இமைக்கும் முன் சொன்னான்: “பதினஞ்சு சார்.” எப்படி என்றேன். “முப்பத்தேழோட மூணு நாப்பது. அப்புறம் பத்து. அப்புறம் ரெண்டு.” அவன் அம்மா மீன் விற்பவர். சில்லறை கொடுக்கும் கணக்கு அது. அதே பையனின் நோட்டில் அதே கணக்குக்கு 25 என்று இருந்தது.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளிடம் இதையே ஆராய்ந்து, 1985இல் நூனஸ், காரஹர், ஷ்லீமன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளை தாளில் தவறுகிறது என்று. பி.எட். படிக்கும்போது இதைப் படித்துத் தேர்வில் எழுதியவன்தான் நான். தரையில் உட்கார்ந்து பார்த்த அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

அந்த டீச்சர் ஏன் அதைப் பார்க்கவில்லை? பார்க்க முடியாது. எதிரே முப்பத்துநான்கு பிள்ளைகள், முதுகுக்குப் பின்னால் கரும்பலகை, கையில் குச்சிக் கட்டு, மனத்தில் அடுத்த படி. நடத்துகிறவரின் கண் அந்தப் பையனின் நோட்டு வரைக்கும் போக வழியே இல்லை. போனாலும் தவறு என்று ஒரு கோடு போட்டு நகர்வதற்குத்தான் நேரம் இருக்கும். நான் பார்த்தது டீச்சரின் குறையை அல்ல. அவருக்கு ஒரு கண் குறைந்தது, அந்த நாற்பது நிமிடம் நான் அந்தக் கண்ணாக இருந்தேன். அன்று சாயங்காலம் இருவரும் அரை மணி நேரம் பேசினோம். அவர் அடுத்த நாள் சில்லறைக் கணக்கில் தொடங்கினார். நானும் என் பின்னப் பாடத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பயிற்சி முகாமும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை.

நடத்துகிறவருக்குத் தன்னைப் பற்றியே தெரியாத விஷயங்களும் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நான் நிறையக் காத்திருக்கிறேன் என்று ஒவ்வோர் ஆசிரியரும் சத்தியம் செய்வார். நானும் செய்தேன். என் வகுப்பில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்த நண்பர் காட்டிய கணக்கைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். சொந்தக் குரலின் வேகம் சொந்தக் காதுக்குத் தெரிவதில்லை.

இதெல்லாம் ஜப்பானுக்குச் சரி, நம் ஊருக்கு ஒத்துவராது என்பார்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளின் மேசைகளைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்கள். பிறகு பாடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நூறாண்டுக்கும் மேலான பழக்கம் இது. ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் 1999இல் எழுதிய நூலால் உலகுக்குத் தெரியவந்தது. பணக்கார நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஜாம்பியாவைக் காட்டுகிறேன். நம்மைவிட ஏழை நாடு. 2005இல் அதன் மத்திய மாகாணத்தில் ஜப்பானிய உதவியுடன் தொடங்கி, பிறகு நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. 1789இல் எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நின்று பார்த்தார், தம் பள்ளியிலும் இது வேண்டும் என்று முடிவுசெய்தார். அவருடைய உதவி ஆசிரியர் இது நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார், அவன் செய்துகாட்டினான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியே அது சென்னை முறை என்ற பெயரில் பரவியது. மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாடு பிற்பாடு செலவு குறைக்கும் தந்திரமாகவும் வெறும் மனப்பாட இயந்திரமாகவும் கெட்டுப்போனது வேறு கதை. நான் சொல்ல வருவது இதுதான்: பெயர் தெரியாத ஒரு தமிழ் வாத்தியாரின் வகுப்பை வழிப்போக்கர் ஒருவர் பார்த்தார், உலகத்தின் பள்ளிகள் மாறின. அந்த வாத்தியாரின் வகுப்பு தெருவுக்குத் திறந்திருந்ததால்தான் அவரால் பார்க்க முடிந்தது. திண்ணைப் பள்ளிக்குக் கதவு இல்லை. மூடிய வகுப்பறை நம் மரபு இல்லை, வந்து சேர்ந்த வழக்கம்.

எங்கள் கரையோரத்தில் வேறு எந்தத் தொழிலும் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதில்லை. மாமல்லபுரத்துக் கற்பட்டறைகள் திறந்த கொட்டகைகள். கற்றுக்கொள்ள வந்த பையன் பெரியவரின் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் தன் உளியைப் பிடிக்கிறான். பெரியவரும் அடுத்த கொட்டகையில் ஒருவர் முகத்துக்கு எப்படிக் கோடு போடுகிறார் என்று போய் நின்று பார்ப்பார். அதை அவமானம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்குள்ள ரதங்களைச் செதுக்கிய சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டு வந்தார்கள் என்பது எப்படித் தெரிகிறது? முடியாமல் நின்றுபோன ரதங்களிலிருந்துதான். மேற்பகுதி வடிவம் பெற்று அடிப்பகுதி பாறையாகவே நிற்கும் பிடாரி ரதங்கள் சொல்வதை, செய்து முடித்துத் துடைத்துவைத்த சிற்பம் சொல்லாது. அதனால்தான் பயிற்சி முகாம்களில் நடத்திக்காட்டும் மாதிரிப் பாடத்தால் எனக்குப் பெரிதாகப் பயன் கிடைத்ததில்லை. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், பாதியில் சிக்கி நிற்கும் பாடத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னும் பக்கத்தில், எங்கள் ஊருக்கு அருகில் கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 1986இல் செர்னோபில் விபத்து நடந்தது. அதற்கு மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1989இல், உலகத்தின் அணுமின் நிலையங்களை நடத்துகிறவர்கள் கூடி வானோ என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஒரு நிலையத்தின் பொறியாளர்கள் இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சில வாரம் தங்கி, அங்கே வேலை நடப்பதை நேரில் நின்று பார்க்கிறார்கள். இந்திய அணுமின் நிலையங்களும் இதில் சேர்ந்தவை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அவர்கள் எழுதும் அறிக்கை அந்த நிலையத்தின் கையில் கொடுக்கப்படுகிறது, ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போவதில்லை. வாரியத்தின் ஆய்வு தனியாக நடக்கும். அதற்கு அதிகாரம் உண்டு, தண்டனை உண்டு. தோழமைப் பார்வையில் இரண்டும் கிடையாது. அதனால்தான் அங்கே ஒளிக்காமல் பேச முடிகிறது. அணு உலையை இயக்குகிறவர் சக தொழிலாளர் முன் தம் வேலையைத் திறந்துகாட்டுவது அவமானம் இல்லை என்றால், நான்காம் வகுப்புக் கழித்தலைத் திறந்துகாட்டுவதில் என்ன அவமானம்?

இனி, ஆசிரியர்களின் பக்கமிருந்து வரும் உண்மையான தடை. நேரம் எங்கே, ஆள் எங்கே? இந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் மேய்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலைமையாசிரியர், எழுத்தர், காவலர் எல்லாம். அவரிடம் போய் அடுத்தவர் வகுப்பைப் பாருங்கள் என்பது கொடுமை. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் இதைச் சுற்றறிக்கையில் போட்டால் நானே எதிர்ப்பேன். ஆனால் ஆறு பேர், எட்டுப் பேர் இருக்கும் பள்ளிகளிலும் இதே பதிலைச் சொல்கிறோமே, அங்கே? மாதத்தில் ஒரு பாடவேளை. அந்த நேரத்துக்குத் தலைமையாசிரியர் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சிறு பள்ளிகளுக்கும் வழி இருக்கிறது. 1964–66இல் கோத்தாரிக் கல்விக் குழு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளை ஒன்றாக இணைத்து ஆசிரியரின் தனிமையை உடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம்முடைய குறுவள மையம் அதே எண்ணத்தின் வழிவந்ததுதான். அங்கே என்ன நடக்கிறது? பெரும்பாலும் சனிக்கிழமை கூடுகிறோம். காணொலி பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஈடுசெய் விடுப்புக் கேட்கிறோம். எதைப் பற்றிப் பேசக் கூடினோமோ அந்தப் பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்கிறார்கள். நோயாளியே இல்லாத மருத்துவமனையில் மருத்துவம் பழகுவது போன்றது இது.

சுமாரான ஆசிரியரை இன்னொரு சுமாரான ஆசிரியர் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 80க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். சக ஆசிரியர்களே பார்த்தார்கள், சம்பளத்துக்கும் பதவிக்கும் அதோடு தொடர்பு இல்லை. மறைக்காமல் சொல்கிறேன்: தனியாக மதிப்பிட்ட குழு, பயன் எதுவும் தெரியவில்லை என்றது, பள்ளிகள் திட்டமிட்ட அளவுக்குப் பார்க்கவும் இல்லை, நேரம்தான் தடை. ஆனால் பர்கெஸ், ராவல், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் அதே சோதனையை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, பிள்ளைகளின் மதிப்பெண்ணில் சிறிய முன்னேற்றம் இருந்ததாகக் காட்டியது. அளவு சிறியதுதான், அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். என்னை நின்று யோசிக்கவைத்தது வேறொன்று. முன்னேறியது பார்க்கப்பட்ட ஆசிரியரின் பிள்ளைகள் மட்டும் அல்ல. பார்க்கப் போன ஆசிரியரின் பிள்ளைகளும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். பார்ப்பது என்றால் எடைபோடுவது என்ற கணக்கில் இதற்கு விளக்கமே கிடையாது.

அதே இங்கிலாந்தில் அரசுக் கல்வி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதை 2014இல் நிறுத்தியது. ஆய்வாளர் வேலையையே தொழிலாகக் கொண்ட அமைப்பு அது. ஒரு பாடத்தை ஒரு முறை பார்த்து எண் போடுவது நம்பத்தக்கதல்ல என்ற விமர்சனத்துக்கு அதுவும் இறங்கிவர வேண்டியிருந்தது. நாமோ அவர்கள் விட்டெறிந்ததைச் செயலியில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஆகவே அலுவலர்களிடம் கேட்பது இரண்டே. ஆய்வு உங்கள் உரிமை, அதைச் செய்யுங்கள். ஆனால் ஆசிரியர் ஆசிரியரைப் பார்ப்பதில் செயலி வேண்டாம், படிவம் வேண்டாம், புகைப்படம் வேண்டாம், எண் வேண்டாம். அந்தப் பேச்சு அந்த இருவரோடு நிற்கட்டும். இது ஒன்று. குறுவள மையக் கூட்டத்தில் பருவத்துக்கு ஒன்றையாவது பள்ளி நாளில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் வையுங்கள். இது இரண்டு.

சக ஆசிரியர்களே, உங்களிடம் உத்தரவைக் காட்டிக் கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. என் கதவை முதலில் திறக்கிறேன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை, ஆறாம் வகுப்பு, பின்னங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பின்வரிசையில் நாற்காலி போட மாட்டேன். பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், அவர்களின் நோட்டைப் பாருங்கள். மணி அடித்ததும் நீங்கள் கண்டதை என்னிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் வகுப்புக்கு நான் வருகிறேன்.